ரோமா, ஹானா? பிடியும் படையும்

கி.பி. முதல் நூற்றாண்டு வாக்கில் ரோமும், ஹான் வம்சம் ஆண்ட சீனாவும் ஏறக்குறைய ஒரே அளவுப் பேரரசுகள். எதன் பிடி இறுக்கம் என்று கேட்டால் நான் ஹான் சீனா பக்கம்தான்.

நிர்வாகம்
ரோம்: மேலே ஆளுநரும் கொஞ்சம் அதிகாரிகளும், வரி வசூல், உள்ளூர் வழக்கு எல்லாம் பெரும்பாலும் அந்தந்த நகரத்துப் பணக்காரர்கள் தலையில்.
ஹான்: சம்பளக்கார அதிகாரிகள், அவர்கள் பதவி எவ்வளவு உயர்ந்தது என்பதைத் தானிய அளவில் சொல்வார்கள். கி.பி. 2-இல் எடுத்த கணக்கில் சுமார் 5 கோடியே 77 லட்சம் பேரை எண்ணியிருக்கிறார்கள் என்றால் பாருங்களேன்.

படை
ரோம்: முழுநேரச் சிப்பாய், 20 வருட சேவை, முடிவில் ஓய்வுத் தொகையாக 3,000 தெனாரியஸ் (ரோம வெள்ளி நாணயம்). அதற்காகவே முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 6-இல் தனிக் கருவூலம் திறந்து, வாரிசுச் சொத்தில் 5% வரி போட்டார்.
ஹான்: முதலில் கட்டாய சேவை, கி.பி. 31-க்குப் பிறகு அது பெரும்பாலும் போய்விட்டது.

யார் சொன்னால் படை நகரும்?
ஹானில் வெண்கலப் புலி ஒன்றை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதி அரண்மனையில், மறுபாதி தளபதியிடம். இரண்டும் பொருந்தினால்தான் படை கிளம்பும். ரோமில் சிப்பாய் பேரரசர் பெயரில் சத்தியம் செய்தாலும் பக்கத்தில் இருக்கும் தளபதியைத்தான் நம்பினான். கி.பி. 69-இல் ஒரே வருடத்தில் நாலு பேரரசர்கள். 193-இல் மெய்க்காவல் படை அரியணையையே ஏலம் விட்டது! (சரி, ஹானும் கடைசியில் தளபதிகள் கையில்தான் சிக்கி 220-இல் முடிந்தது.)

தேர்ந்த, நிலையான படை வேண்டுமென்றால் ரோம். கிராமம் வரை கணக்கும் பிடியும் வேண்டுமென்றால் ஹான்.