வடசென்னையில் போன் கருத்துக்கணிப்பு: எந்த முறையில் பதில் சொல்பவருக்குப் பாதுகாப்பு?

வடசென்னை நாடாளுமன்றத் தொகுதியில் 600 பேரிடம் போனில் கருத்துக் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வழிகள் உண்டு. கணினி குலுக்கிப்போட்ட எண்களை அழைத்து ஆளே பேசலாம். பதிவுக்குரலை அனுப்பி ‘ஒன்றை அழுத்துங்கள்’ எனலாம். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியலை வாங்கி அழைக்கலாம். பெரும்பாலும் செலவையும் வேகத்தையும் பார்த்தே முறையை முடிவு செய்கிறார்கள். பதில் சொல்பவருக்கு நாளை என்ன வரும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

குலுக்கல் முறையில் 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்கும் பத்து இலக்க எண்களில் முதல் சில இலக்கங்களை மட்டும் நாம் தருகிறோம்; மீதியைக் கணினி நிரப்புகிறது. பேசுபவரிடம் பெயரும் இல்லை, தெருவும் இல்லை. அந்தரங்கத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனால் எண் வரிசை தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டம் என்பதை மட்டுமே காட்டும். ராயபுரமா ராமநாதபுரமா என்று சொல்லாது. மாநிலத்தில் 39 மக்களவைத் தொகுதிகள் இருப்பதால், தோராயமாக 39 பேர் பேசினால்தான் ஒருவர் வடசென்னைக்காரராக இருப்பார். 600 பேர் வேண்டுமென்றால் 23,400 பேரிடம் ‘நீங்க எந்தத் தொகுதி?’ என்று கேட்டாக வேண்டும். அதிலும் எடுத்துப் பேசுகிறவர்கள் குறைவு. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையத்தின் போன் கணிப்புகளில் 1997இல் 36 சதவீதமாக இருந்த பதில் விகிதம் 2018இல் 6 சதவீதமாகச் சரிந்தது. ஆகவே மாநிலம் முழுமைக்குமான கணிப்புக்குக் குலுக்கல் பொருந்தும். ஒரே தொகுதிக்குக் கட்டுப்படியாகாது.

பதிவுக்குரலுக்குச் செலவு மிகக் குறைவு, ஒரே மாலையில் ஆயிரக்கணக்கான அழைப்புகள் போய்விடும். இதற்கு ஒரு உண்மையான நன்மை உண்டு: வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒற்றை அறை வீட்டில் இருப்பவர் வாய் திறக்காமல் பதில் சொல்லலாம். பக்கத்தில் மாமனார் இருந்தாலும் எதை அழுத்தினார் என்று தெரியாது. ஆனால் யார் அழுத்தியது என்பது நமக்கும் தெரியாது. எட்டு வயதுப் பையனாகவும் இருக்கலாம். போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையில் எண்பலகையைத் தேடுவதற்குள் ஐந்து விநாடி ஓடி அழைப்பு அறுந்துவிடுகிறது. முதியவர்கள் இப்படித்தான் விடுபட்டுப் போகிறார்கள். காத்திருப்பைப் பத்து விநாடியாக்கி, மறுபடி கேட்க 9 என்று வைத்தால் ஓரளவு சரியாகும். கட்சிப் பெயர்களின் வரிசையையும் அழைப்புக்கு அழைப்பு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கடைசியாகக் காதில் விழுந்த பெயருக்குக் கூடுதல் ஓட்டு விழும். இன்னொரு குறை வெளியே தெரியாது. அழுத்திய இலக்கம் போன் எண்ணோடு ஒட்டியே சர்வரில் பதிவாகிறது. யாராவது முனைந்து பிரிக்காவிட்டால் அந்த ஒட்டு அப்படியே கிடக்கும்.

ஆள் பேசும்போது அடுத்தவர் காதில் விழுவதைத் தடுக்க எளிய வழி இருக்கிறது. ‘அம்மா, நான் நாலு கட்சிப் பேர் சொல்றேன், ஒண்ணு ரெண்டுன்னு நம்பரை மட்டும் சொல்லுங்க போதும்’ என்றால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. பெண்களைப் பொறுத்தவரை இது மிக முக்கியம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் சுமார் 54 சதவீதத்தினரே தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்குக் கணவரோ மகனோ போனை எடுத்துக்கொடுத்து அருகிலேயே நிற்கக்கூடும்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளி கரையைத் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டால் சிக்னல் இல்லை. கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அவர் வீட்டில் இருப்பார். மார்ச்சில் எடுத்த கணிப்பையும் ஏப்ரல் கடைசியில் எடுத்ததையும் ஒப்பிட்டு ‘மனம் மாறிவிட்டது’ என்று எழுதினால், மாறியது மனமா, போனை எடுத்த ஆளா என்று சொல்ல முடியாது.

பட்டியல் முறைதான் வேலைக்கு எளிது, ஆபத்தும் இதில்தான் அதிகம். வெளியிடப்படும் வாக்காளர் பட்டியலில் பெயர், உறவினர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அடையாள அட்டை எண் இருக்கும். போன் எண் இருக்காது. அழைப்பவர் உங்கள் பெயரையும் பாகம் எண்ணையும் (ஒரு வாக்குச்சாவடிக்கான பட்டியலின் எண்) சொல்கிறார் என்றால், வேறெங்கோ நீங்கள் கொடுத்த எண்ணை யாரோ அந்தப் பட்டியலோடு பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரு பாகத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். ‘காசிமேடு, பெண், 52 வயது, மீன் ஏலம்’ என்று பதிந்தால் பெயரை அழித்தாலும் தெருவில் உள்ளவர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வு, புள்ளிவிவரப் பணிகளுக்கு விலக்கு தருகிறது. ஆனால் அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் உண்டு. யார் வீட்டுக்குப் போவது, யாரை ஒதுக்குவது என்று முடிவு செய்யப் பதில்களைப் பயன்படுத்தினால் அது கணிப்பே அல்ல.

ஒரே தொகுதிக்குப் பட்டியலைத் தவிர்க்க முடியாவிட்டால் ஒழுங்கோடு செய்ய வேண்டும். அழைப்பவருக்குப் பெயர் தெரியக் கூடாது. திரையில் எண்ணை மறைத்துக் கணினியே அழைக்கட்டும். பதில்களைத் தனிக் கோப்பில், தொடர்பில்லாத குறியெண்ணோடு வைக்க வேண்டும். மேற்பார்வையாளர் பத்தில் ஒரு அழைப்பை இரண்டு நாளுக்குள் சரிபார்த்ததும், எண்ணையும் குறியெண்ணையும் இணைக்கும் தாளை அழித்துவிட வேண்டும். வயதைப் பத்தாண்டுப் பிரிவாகவும் இடத்தைச் சட்டமன்றத் தொகுதியாகவும் மட்டும் பதியலாம். குரல் பதிவுக்குத் தொடக்கத்திலேயே அனுமதி கேட்டு, சரிபார்ப்பு முடிந்ததும் நீக்க வேண்டும்.

600 பேரில் முழுத் தொகுதிக்குப் பிழை வரம்பு சுமார் 4 சதவீதப் புள்ளி; அதாவது உண்மை நிலை கணிப்பைவிட அந்த அளவு கூடவோ குறையவோ இருக்கலாம். திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என ஆறாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 100 பேர். பிழை வரம்பு 10 புள்ளியைத் தொடும். அதற்குக் கீழே வார்டு வாரியாகக் கேட்கும் வாடிக்கையாளருக்கு ‘முடியாது’ என்று சொல்லிவிட வேண்டும். அந்த அளவில் எண்ணிக்கைக்கும் மதிப்பில்லை, ஆட்களும் அம்பலமாவார்கள்.

வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பும் முறையை நான் கணிப்பாகவே சேர்க்க மாட்டேன். விருப்பப்பட்டவர் மட்டும் நிரப்புவது யாருடைய கருத்துக்கும் மாதிரியாகாது. எந்த முறையானாலும் ஓடிபி, ஆதார் எண், வாக்காளர் அட்டை எண் கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடலாம். ஒழுங்கான கணிப்புக்கு இவற்றில் எதுவும் தேவைப்படாது.