22,656 ரூபாய் போச்சு: சேலத்தில் ஆப்பில் ரூம் போடுகிறவர்கள் படித்துவிட்டுப் போடுங்கள்

சனிக்கிழமை ராத்திரி நடந்தது. இன்று வியாழன். இன்னும் சரியாகத் தூக்கமில்லை. 22,656 ரூபாய் போனது போனதுதான், விட்டுத் தள்ளு என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன், மாதம் 15,000 சம்பளம். அந்தப் பணம் எனக்கு ஒன்றரை மாத உழைப்பு.

எந்த ஆப், எந்த லாட்ஜ் என்று பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ஊர் ஊராக ரூம் பிடித்துக் கொடுக்கிற ஆப்களில் அது ஒன்று. லாட்ஜ் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம், நாலு மாடி, கண்ணாடி முகப்பு.

என் தங்கைக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு திருநெல்வேலிப் பக்கம். பதினான்கு பேர் வேன் பிடித்து மதுரை, கரூர், நாமக்கல் வழியாகச் சனிக்கிழமை ராத்திரி வந்து சேர்வதாக ஏற்பாடு. ஞாயிறு காலை நிச்சயம், திங்கள் காலை எல்லோரும் ஏற்காடு பார்த்துவிட்டு ஊருக்குக் கிளம்புவது. அவர்கள் தங்குவதற்கு நாலு ரூம், இரண்டு ராத்திரி. வீட்டுக்கு மூத்தவள் என்பதால் அந்தப் பொறுப்பு என்னுடையது.

முதலில் ஏற்காட்டிலேயே ரூம் போட்டுவிடலாமா என்று யோசித்தோம். ஏரிக்கரையில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது, வேறு எஸ்டேட் வீடுகளும் இருக்கின்றன. ஆனால் அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. ஐப்பசி மழை, பனிமூட்டம், வேனில் வயதானவர்கள். ராத்திரியில் அந்த ஏற்றம் வேண்டவே வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். சரி, சேலத்திலேயே பார்ப்போம் என்று முடிவானது.

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறேன். ஜங்ஷன் பக்கம், ஐந்து ரோடு பக்கம், பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் எத்தனை லாட்ஜ் வாசலைத் தாண்டிப் போயிருப்பேன்! ஒன்றுக்குள்ளும் கால் வைத்ததில்லை. சொந்த ஊரில் யார் லாட்ஜில் தங்குகிறார்கள்? எது நல்ல லாட்ஜ் என்று கேட்டால் அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. வெளியூர்க்காரர்கள் மாதிரி நானும் போனை எடுத்து ஆப்பில்தான் தேடினேன்.

1,000 ரூபாய்க்கு இருந்தவை படத்திலேயே சுவர் ஊறிப்போய்த் தெரிந்தன. கண்ணுக்கு லட்சணமாக இருந்தவை 4,500, 5,000. சம்பந்தி வீட்டாரை மட்டமான இடத்தில் தங்கவைக்க முடியாது, நாலு ரூமுக்கு அவ்வளவு கொடுக்கவும் வழியில்லை. அப்போதுதான் இது கண்ணில் பட்டது. ரூம் 2,400. வெள்ளை விரிப்பு, அதன்மேல் அன்னம் மாதிரி மடித்து வைத்த துண்டு, ஒரு சின்ன பால்கனி, அதற்குப் பின்னால் சேர்வராயன் மலை. லிஃப்ட் உண்டு, காலை டிபன் உண்டு, 'லாட்ஜில் வந்து பணம் கட்டலாம்' என்றும் போட்டிருந்தது. நாலு ரூம் போட்டேன். ஒரு பைசா கட்டவில்லை. அதோடு விட்டிருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. லாட்ஜ் மேனேஜர் என்றான். "அக்கா, நாலு ரூம் போட்டிருக்கீங்க, யார் யாருங்க வர்றாங்க? பெரியவங்க இருக்காங்களா?" என்றான். மாப்பிள்ளையின் ஆச்சிக்கு 74 வயது, முட்டி ஆபரேஷன் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று சொன்னேன். "அப்படீன்னா முதல் மாடியிலேயே போட்டுடறேங்க. லிஃப்ட் இருக்கு, இருந்தாலும் கரண்ட் போச்சுன்னா பாட்டி சிரமப்படக் கூடாதில்லீங்களா. பாத்ரூம்ல வெஸ்டர்ன் இருக்கற ரூமா பார்த்து ஒதுக்கிடறேன்" என்றான். நான் கேட்காமலே சொன்னான். அப்புறம், "வந்து இறங்கினதும் டீ எத்தனை பேருக்குங்க? சர்க்கரை இல்லாம யாருக்காவது வேணுமா?" என்று கேட்டான்.

அந்தச் சர்க்கரைக் கேள்வியில்தான் நான் விழுந்தேன். என் அம்மாவுக்கே கேட்கத் தோன்றாத கேள்வி அது. நானும் சேலத்துக்காரன்தானுங்க, நம்ம வீட்டு விசேஷம் மாதிரி பார்த்துக்கறேன் என்றபோது மனசு குளிர்ந்துபோனது. கடைசியாக மெதுவாக விஷயத்துக்கு வந்தான். "அக்கா, சனி, ஞாயிறு ரெண்டும் முகூர்த்தங்க. பணம் கட்டாத புக்கிங்கை முதலாளி எடுத்து வேற பார்ட்டிக்குக் கொடுத்துடுவாரு. நீங்க ஆப்லயே முழுசா கட்டிடுங்க. எங்கிட்ட கொடுக்க வேணாம், ஆப்லயே கட்டுங்க."

தன்னிடம் கொடுக்க வேண்டாம் என்கிறானே, இவன் எப்படி ஏமாற்றுவான் என்று நினைத்தேன். முழுப் பணத்தையும் கட்டினேன். 22,656 ரூபாய். கட்டும் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் 'இந்தக் கட்டணம் திரும்பத் தரப்படாது' என்று இருந்ததை நேற்று ராத்திரிதான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்.

சனிக்கிழமை ராத்திரி 9.40-க்கு வேன் வந்து நின்றது. நல்ல மழை. நானும் அப்பாவும் குடையோடு வாசலில் நின்றோம். உள்ளே முழுக்கக் கல்யாணக் கூட்டம், வாழையிலை வாசனை, படியெல்லாம் ஈரச் செருப்பு. ரிசப்ஷனில் இருபது வயதுப் பையன் ஒருவன். என் போனில் இருந்த புக்கிங்கைப் பார்த்துவிட்டு, "ஆப் புக்கிங்கா? எங்களுக்கு எதுவும் வரலைங்களே" என்றான். எனக்குப் போன் செய்த மேனேஜர் எங்கே என்றால், "மேனேஜர் லீவு." அந்த நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். மூன்று மாடியும் கல்யாண பார்ட்டிக்குப் போய்விட்டது, நாலாவது மாடியில் ஒரே ஒரு ரூம் இருக்கிறது, ரொக்கமாக 4,500 கொடுத்தால் தரலாம் என்றான். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று எழுதிய அட்டை தொங்கியது. அந்த அட்டையே பழசாகி மஞ்சளாகியிருந்தது.

ஆச்சியைச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம். தரை ஈரம் என்பதால் நிச்சயப் புடவை இருந்த பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, அதன்மேல் அல்வாப் பெட்டியையும் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் புடவைக் கரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "இருக்கட்டும்மா, மழை உள்ள வராத எடமா ஒண்ணு கெடச்சா போதும்" என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் அப்பா சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு "மன்னிச்சிடுங்க சம்பந்தி" என்றதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அங்கே நின்றபடியே ஆப்பின் உதவி எண்ணுக்கு அடித்தேன். பாட்டு ஓடியது. நடுநடுவே 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்றது. 38 நிமிடம் கழித்து ஒரு பெண் எடுத்து, லாட்ஜில் பேசிவிட்டு 24 மணி நேரத்துக்குள் சொல்கிறோம் என்றது. பதினான்கு பேர் மழையில் நிற்கிறோம் என்றேன். "உங்கள் சிரமம் புரிகிறது மேடம்" என்று வைத்துவிட்டது.

காப்பாற்றியது ஒரு ஆட்டோக்காரர். டவுன் ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய லாட்ஜுக்குக் கூட்டிப்போனார். மொசைக் தரை, சுண்ணாம்புச் சுவர், மரக் கட்டில். ஆனால் விரிப்பில் வெயிலில் காய்ந்த வாசனை, பாத்ரூம் படு சுத்தம், காலையில் வாளியில் வெந்நீர். ரூம் 1,100. மூன்றுதான் கிடைத்தது, மீதிப் பேர் எங்கள் வீட்டு மாடியில் படுத்தார்கள். ஆச்சிக்குக் கீழ்த்தளத்திலேயே இடம் கொடுத்தார் அந்த முதலாளி. இந்த லாட்ஜ் எந்த ஆப்பிலும் இல்லை. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து நடந்து போகிற தூரம். அதைத் தேடிப் போகாமல் போனில் அன்னம் மடித்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நிச்சயம் நல்லபடியாக நடந்தது. திங்கள் காலை அவர்கள் ஏற்காடு போகும் வழியில் கோரிமேடு தாண்டும்போது ஆப்பிலிருந்து எனக்கு மெயில் வந்தது. 'விருந்தினர் வரவில்லை என்று விடுதி தெரிவித்துள்ளது. எனவே பணம் திரும்பத் தர இயலாது.'

வரவில்லையாம். பதினான்கு பேர், வேன், குடை, அல்வாப் பெட்டி, ஆச்சி, எதுவும் வரவில்லையாம். இதுதான் இவர்கள் கையாளும் வழி என்று இப்போதுதான் தெரிகிறது. கட்டிய ரூமை வேறு ஆளுக்கு அதிக விலைக்குக் கொடுத்துவிட்டு, வந்த ஆளை வரவில்லை என்று ஆப்பில் ஒரு பட்டனை அழுத்தினால் முடிந்தது. முகூர்த்த நாளில் ஒரே ரூமுக்கு இரண்டு வருமானம்.

செவ்வாய்க்கிழமை மறுபடி எழுதினேன். புகார் மூடப்பட்டது என்று பதில் வந்தது, கூடவே எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று ஒரு கேள்வி. திரும்பச் சண்டை போட்டதும் 500 ரூபாய் கூப்பன் தந்தார்கள், 90 நாளுக்குள் அவர்களிடமே இன்னொரு ரூம் போட்டால் கழித்துக்கொள்ளலாமாம். பேங்கில் கேட்டால், "நீங்களே பின் போட்டுக் கட்டின பணம், நாங்க என்ன செய்யறதுங்க" என்கிறார்கள். நேற்று லாட்ஜுக்கே போனேன். வேறு ஒருவர் மேனேஜர் நாற்காலியில் இருந்தார். போன் செய்தவன் போன வாரமே வேலையை விட்டு நின்றுவிட்டானாம். பணம் ஆப்பிடம் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்றார். ஆப்பில் கேட்டால் லாட்ஜிடம் கேளுங்கள் என்கிறார்கள். 22,656 ரூபாய் யாரிடம்தான் இருக்கிறது?

கணக்கு எழுதுகிறவள் என்பதால் பில்லை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். நாலு ரூம், இரண்டு நாள், 2,400 வீதம் 19,200. அதற்குக் கீழே 'வரிகளும் கட்டணங்களும்' என்று ஒரே வரியில் 3,456. ஒரு நாள் வாடகை 7,500 வரை உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதாவது 960. மீதி 2,496 ரூபாய் என்ன கட்டணம் என்று கேட்டேன். அதற்கு மட்டும் இதுவரை பதிலே இல்லை.

அப்பாவின் நண்பர் ஒரு வக்கீல். அவர் சொல்லித்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். ஆப்பின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். 2020-ல் வந்த மின்வணிக விதிகள்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. போடத்தான் போகிறேன்.

நல்ல ரூம் மலிவாகப் பிடிப்பது எப்படி என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டுமாவது செய்யுங்கள். 'வந்து கட்டலாம்' என்று இருந்தால் வந்துதான் கட்டுங்கள், எவன் எவ்வளவு தேனாகப் பேசினாலும் மாற்றாதீர்கள். முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பாருங்கள். உள்ளூரில் ஒரு ஆள் இருந்தால் நேரில் போய் லிஃப்டில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்காடு என்று போட்டிருந்தால் மேப்பில் பாருங்கள், அடிவாரத்து லாட்ஜும் அந்தப் பெயரில் வருகிறது. ரூம் இல்லை என்று சொன்னால் கோபத்தில் திரும்பி வந்துவிடாதீர்கள், நான் செய்த தப்பு அதுதான். ரிசப்ஷனில் நின்று நேரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், வீடியோ எடுங்கள், ரூம் இல்லை என்று ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். என்னிடம் அன்று எடுத்த ஒரு போட்டோ இல்லை. மாப்பிள்ளையின் தம்பி தற்செயலாக எடுத்த ஒரு செல்ஃபியில் பின்னால் ரிசப்ஷன் போர்டும் ஆச்சியும் தெரிகிறார்கள். இப்போது அதுதான் எங்கள் ஒரே சாட்சி.

ஆச்சி நேற்று போன் செய்தார். "ஏ பிள்ள, நீ எதுக்கு அழுத? கல்யாணத்துக்கும் அந்த வெந்நீர் குடுத்த லாட்ஜுலயே எடம் போடு" என்றார். தையில் கல்யாணம். இருபது ரூம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு டவுன் ஸ்டேஷன் பக்கம் போய் அவரிடமே கேட்கப் போகிறேன்.