90 நாளில் 30 ராக் பாட்டு: கிட்டார் கோர்ஸில் 28,000 ரூபாய் போன கதை

ஆன்லைனில் கிட்டார் கோர்ஸ் சேர நினைப்பவர்கள், அதுவும் ‘90 நாளில் 30 கிளாசிக் ராக், ப்ளூஸ் பாடல்கள்’ மாதிரி விளம்பரம் பார்த்துச் சேர நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன் என்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, செய்யும் முறை தெரிந்தால் போதும். இதே முறையில் இன்னும் பலர் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு 44 வயது. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை. என் சித்தப்பா கப்பலில் ஃபிட்டராக இருந்தவர். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் பெட்டி நிறைய கேசட் கொண்டு வருவார். அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி. பி. கிங் 1964இல் சிகாகோ ரீகல் தியேட்டரில் வாசித்த கச்சேரியை எனக்குப் பத்து வயதில் போட்டுக் காட்டினார். 1949இல் ஆர்கன்சாவில் ஒரு நடன அரங்கம் தீப்பிடித்ததும், வெளியே ஓடிவந்த கிங் தன் கிட்டாருக்காக மறுபடி உள்ளே போனதும், அந்தத் தீக்கு வழிவகுத்த சண்டைக்குக் காரணமாக இருந்த பெண்ணின் பெயரையே கிட்டாருக்கு ‘லூசில்’ என்று வைத்ததும் அவர் வாயால் கேட்ட கதைதான். சித்தப்பாவுக்கு இப்போது 76. அவர் கேட்க ஒரு பாட்டாவது வாசித்துவிட வேண்டும் என்றுதான் போன வருடம் ஜூலையில் சேர்ந்தேன்.

விளம்பரத்தைத் தொட்ட பத்தாவது நிமிடத்தில் போன் வந்தது. பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினான். “சார், 48,000 ரூபாய் கோர்ஸ். கிட்டார் ஃப்ரீ. மாசம் நாலாயிரம், பன்னெண்டு மாசம், வட்டியே இல்ல. பிடிக்கலன்னா ஏழு நாள்ல முழுப் பணமும் ரிட்டர்ன். ஆனா இந்த ஆஃபர் இன்னைக்கு நைட்டோட முடியுது சார்.” ஆதார், பான் இரண்டும் கேட்டான். ஒரு இணைப்பு அனுப்பி ஓடிபியைப் போடச் சொன்னான். “இது எதுக்கு?” என்றேன். “சும்மா வெரிஃபிகேஷன் சார்” என்றான்.

அது வெரிஃபிகேஷன் இல்லை, கடன் ஒப்பந்தம். ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் 48,000 ரூபாய் கடனைத் திறந்து, தன் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை மொத்தமாக அந்தக் கோர்ஸ்காரர்களிடம் கொடுத்துவிட்டது. அவர்களைப் பொறுத்தவரை அன்றைக்கே வியாபாரம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் வகுப்புக்குப் போனாலும் போகாவிட்டாலும் மாதம் நாலாயிரம் நிதி நிறுவனத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஓடிபியோடு சேர்த்து, வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் மேண்டேட்டுக்கும் சம்மதம் கொடுத்திருக்கிறேன் என்பது முதல் இஎம்ஐ போன அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் அந்த ஏழு நாள். பணம் கட்டிய தேதியிலிருந்து ஏழு நாள் என்று விதிமுறையில் இருந்தது. கிட்டார் வந்து சேர்ந்தது ஒன்பதாம் நாள். முதல் வகுப்பு பதினோராம் நாள். பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லாத நாட்களிலேயே அந்த உத்தரவாதம் காலாவதி ஆகிவிட்டது. தற்செயலாக நடந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். என்னோடு வாட்ஸ்அப் குழுவில் இருந்த ஐந்து பேரிடம் கேட்டேன். ஐந்து பேருக்கும் முதல் வகுப்பு பத்தாம் நாளுக்கு மேல்தான்.

கிட்டார் பளபளப்பாக இருந்தது. இரண்டு வாரம் வாசித்ததில் இடது கை விரல் நுனி நான்கிலும் தோல் பிளந்துவிட்டது. ஆசிரியரிடம் சொன்னேன். “எல்லாருக்கும் அப்படித்தான் சார், ஒரு மாசத்துல காய்ச்சிரும்” என்றார். காய்ப்பது உண்மைதான். ஆனால் என் சந்தேகம் வேறு. சுருதி காட்டும் டியூனரில் ஆறு தந்தியும் சரியாக நிற்கிறது, ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் இருக்கும் உலோக மெட்டு) மேல் எதை அழுத்தினாலும் சுருதி ஏறி நிற்கிறது.

ஒரு நாள் பட்டறையிலிருந்து டிரில் பிட் செட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். பிட்டின் வழவழப்பான தண்டை 12ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது தந்திக்கு அடியில் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். 2.5 மில்லிமீட்டர், தாராளமாகப் போனது. 3, போனது. 3.5, 4, போனது. 4.5 தந்தியை அசைக்காமல் உள்ளே போய் வெளியே வந்தது. நல்ல அகூஸ்டிக் கிட்டாரில் அந்த இடத்தில் தடித்த தந்திக்கு இரண்டரை, மெல்லிய தந்திக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கும் தந்தியை மரம் வரைக்கும் அழுத்தினால் அது இழுபட்டுச் சுருதி ஏறத்தான் செய்யும். விரல் கிழியத்தான் செய்யும். தவறு என் விரலில் இல்லை.

கிட்டார் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் கழுத்தை ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்துவிட்டு, “சார், இது வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. நிமிர்த்தலாம்னா உள்ள டிரஸ் ராடே இல்ல” என்றார். டிரஸ் ராட் என்பது கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி. தந்தி இழுக்கும் இழுப்பில் மரம் வளைந்தால் அதைத் திருகித்தான் சரி செய்வார்கள். கடையில் இதே மாதிரி கிட்டார் மூவாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும் என்றார். எனக்கு இது ‘12,000 ரூபாய் மதிப்புள்ள இலவசம்’ என்று வந்தது.

சரி, கிட்டாராவது பொருள், மாற்றிக்கொள்ளலாம். கற்றுக் கொடுத்த விதம்தான் என்னால் மன்னிக்க முடியாதது.

30 பாடல்களில் 17க்கு வெறும் தொடக்க ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டு) மட்டும். நான்கு பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு) வாசித்ததும் ‘சாங் கம்ப்ளீட்டட்’ என்று செயலியில் பச்சை டிக் விழும். முதல் பாட்டே டீப் பர்ப்பிள் குழுவின் 1972 பாட்டு, ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. அதைத் தடித்த தந்தி ஒன்றிலேயே மேலும் கீழும் ஓட விட்டார்கள். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் அதை இரண்டு இரண்டு சுரமாக, விரலால் சேர்த்து இழுத்து வாசித்தவர். அந்த இரண்டு சுரத்துக்கு நடுவில் இருக்கும் நான்காம் இடைவெளியால்தான் (ச-வுக்கும் சுத்த மத்யமத்துக்கும் உள்ள தூரம்) அந்த ரிஃப்புக்கு அந்தக் கனம். ஆரம்பத்தில் ஒரு தந்தியில் சொல்லித் தருவது தப்பில்லை. ‘இது எளிதாக்கியது, உண்மையானது இப்படி’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1981 பாட்டு ஒன்றை முழுக்க பார் கார்டில் (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்; பார் கார்டில் ஒரு விரலைத் தந்திகளுக்குக் குறுக்கே படுக்க வைத்து, மற்ற விரல்களையும் வைக்க வேண்டும்), நான்கு விரலும் இழுத்துக்கொள்ளும்படி, மூன்று வாரம் பழக வைத்தார்கள். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் அதற்கு ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு, மீதி ஐந்தையும் ஜி-டி-ஜி-பி-டி என்று ஓபன் ஜி சுருதியில் வைத்துக்கொள்வார். அப்படி வைத்தால் ஒரு விரலைக் குறுக்கே படுக்க வைத்தாலே முழு கார்டு வந்துவிடும். இதை நான் கோர்ஸை நிறுத்திய பிறகுதான் தெரிந்துகொண்டேன். மூன்று வாரம்.

உண்மை புரிந்தது சித்தப்பா வீட்டில்தான். ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘லிட்டில் விங்’ தொடக்கத்தை ஓரளவு தேற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் போனேன். கேசட்டைப் போட்டு, கூடவே வாசித்தேன். நாலு நொடி கூட ஆகவில்லை, சித்தப்பா கையைத் தூக்கினார். “டேய், ரெண்டும் ஒண்ணா போகலையே. எங்கயோ இடிக்குது.” பழைய டேப் ரெக்கார்டர், வேகம் குறைந்திருக்கும் என்றேன். போனில் அதே பாட்டைப் போட்டோம். அதே இடிப்பு. நான் ஒவ்வொரு சுரத்திலும் அரைச் சுரம் மேலே நிற்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. “காபி குடிக்கிறியா?” என்று எழுந்து போய்விட்டார்.

ஹென்ட்ரிக்ஸ் அந்தப் பாட்டில் ஆறு தந்தியையும் அரைச் சுரம் இறக்கி வைத்திருந்தார். தந்தியை முறுக்கும் திருகாணிகளைத் திருப்ப இரண்டு நிமிடம் போதும். பாடத்தில் அது ஒரு இடத்தில்கூட இல்லை. ஆசிரியரிடம் கேட்டபோது, “நாங்க ஸ்டாண்டர்ட் டியூனிங்தான் ஃபாலோ பண்றோம் சார்” என்றார். இணையத்தில் எங்கேயோ கிடந்த டேபை (எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணால் எழுதிய தாள்) அப்படியே பிடிஎஃப் ஆக்கி, தங்கள் முத்திரையைப் போட்டு விற்றிருக்கிறார்கள். அசல் பதிவோடு சேர்த்து ஒரு முறையாவது வாசித்துப் பார்த்த யாருக்கும் இது தெரியாமல் போகாது. எனக்கு வலித்தது அதுதான். அவர்கள் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கவே இல்லை.

ப்ளூஸ் பகுதி இன்னும் மோசம். ப்ளூஸில் பாதி பாட்டு பன்னிரண்டு பார் என்ற ஒரே அச்சில் வரும். ஏ சுருதியில் என்றால் நான்கு பார் ஏ கார்டு, இரண்டு பார் டி, இரண்டு பார் ஏ, அப்புறம் இ, டி, ஏ, கடைசியில் மறுபடி இ. இதை முதல் மாதம் உருப்போட்டால் நூற்றுக்கணக்கான பாட்டுக்குள் நுழைய வழி கிடைக்கும். அவர்கள் எட்டு ப்ளூஸ் பாட்டை எட்டு தனித்தனி விரல் மனப்பாடமாகக் கொடுத்தார்கள். அச்சைச் சொல்லிவிட்டால் ‘30 பாட்டு’ என்று எண்ணிக் காட்ட முடியாதே.

நடையும் தப்பு. ப்ளூஸின் வழக்கமான நடையான ஷஃபிள் என்பதை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஒவ்வொரு அடிக்கும் ‘தகிட’. அதில் ‘த’விலும் ‘ட’விலும் தட்டுங்கள், ‘கி’யை மௌனமாக விடுங்கள். தொடையில் ஒரு நிமிடம் தட்டினாலே உடம்பு ஆட ஆரம்பித்துவிடும். திஸ்ர நடை தெரிந்தவர்களுக்கு இது கைவந்த சமாசாரம். காணொளியில் எட்டு பாட்டையும் ‘தக தக’ என்று நேர்நடையில் வாசித்தார்கள். எல்லாச் சுரமும் இருந்தது, ப்ளூஸ் இல்லை.

தந்தியை இழுத்துப் பிடிக்கும் பென்டிங் பற்றிக் கேட்டேன். ஏ-யில் வாசிக்கும்போது சி சுரத்தைச் சற்றே மேலே தள்ளி, சி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில் நிறுத்துவார்கள். நம் கணக்கில் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடைப்பட்ட ஒரு இடம். வீணைக்காரர்கள் மெட்டின் மேல் தந்தியை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். பி. பி. கிங் என்றால் எனக்கு அந்த இழுப்புதான். “அது அட்வான்ஸ்டு மாட்யூல் சார், தனியா 15,000” என்றார்கள். அன்றோடு நான் வகுப்புக்குப் போகவில்லை.

பணத்தை நிறுத்துவதுதான் பெரும் பாடு. கோர்ஸ்காரர்கள் நிதி நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள், நிதி நிறுவனம் கோர்ஸ்காரர்களைக் கேளுங்கள் என்றது. கணக்கில் பணம் வைக்காமல் விட்டால் நிற்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். அதைச் செய்யாதீர்கள். அபராதமும் விழும், சிபில் ஸ்கோரும் இறங்கும். நான் இஎம்ஐயைக் கட்டிக்கொண்டே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலில் தேதிவாரியாக எழுதினேன். அவர்கள் 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம் என்பதையும் அதிலேயே குறிப்பிட்டேன். அந்த வரிக்குப் பிறகுதான் பதில் வந்தது. ஏழு தவணை, 28,000 ரூபாய் போன பிறகு மீதி ஐந்து தவணையை ரத்து செய்தார்கள்.

போன 28,000க்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதை மட்டும் தவற விடாதீர்கள்.

டிஜிட்டல் கடன் என்றால் ஒப்பந்தத்துக்கு முன்னால் முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும், சிறிது காலத்துக்குள் அபராதம் இல்லாமல் கடனை விட்டு வெளியேறும் உரிமையும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. என் மின்னஞ்சலில் அந்தத் தாள் வந்திருந்தது. நான் திறக்கவில்லை. ‘வட்டியே இல்லை’ என்று யாராவது சொன்னால் அந்தத் தாளைத் திறந்து, கடன் கொடுப்பவர் பெயரையும் வெளியேறும் காலத்தையும் பார்த்த பிறகு ஓடிபி சொல்லுங்கள். ஆசிரியரிடம், நீங்கள் விரும்பும் பாட்டின் அசல் பதிவைப் போட்டு, கூடவே ஒரு நிமிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கற்றுத் தரத் தெரிந்தவர் இதற்குக் கோபிக்க மாட்டார். இப்போது நான் போகும் பெரம்பூர் மாஸ்டர் கேட்காமலே அதைத்தான் முதல் நாள் செய்தார். மாதம் 1,500 ரூபாய். மூன்று மாதமாக ஏ, டி, இ, தகிட மட்டும்.

அதே கோர்ஸில் இப்போது மாட்டிக்கொண்டிருப்பவர்கள், விளம்பரப் பக்கத்தையும் விதிமுறைப் பக்கத்தையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் புகார் கொடுத்த இரண்டாம் வாரம் ‘30 பாடல்கள்’ என்பதை ‘30 பாடங்கள்’ என்று மாற்றிவிட்டார்கள். என்னிடம் பழைய படம் இருக்கிறது, மனுவோடு சேர்த்திருக்கிறேன். குழுவில் இருந்த மற்ற ஐந்து பேரில் இருவர் சேர்ந்து மனு போட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.