சிறு எண்ணிக்கை மரவேலைக்கு சிஎன்சியா, கை ரௌட்டரா?

மரத்தட்டு, பெயர்ப்பலகை, பெட்டி மூடி என்று ஒரே வடிவத்தைப் பத்து, இருபது செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. எம்டிஎஃப்பில் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) டெம்ப்ளேட், அதாவது அச்சு வடிவம், வெட்டி, கை ரௌட்டரை (சுழலும் பிட்டால் மரத்தை வெட்டும் கைக்கருவி) அதன் ஓரமாக ஓட்டலாம்; பிட்டில் உள்ள பேரிங் அந்த ஓரத்தைத் தொட்டபடியே உருளும். இல்லையென்றால் கணினியில் வரைந்து, கணினியே பிட்டை நகர்த்தும் சிஎன்சி ரௌட்டரில் வெட்டலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நான் சிஎன்சி பக்கம் வந்துவிட்டேன்.

விலை அதிகம், இடத்தை அடைக்கும் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. துல்லியத்தையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றாகச் செய்த டெம்ப்ளேட்டே இந்த வேலைகளுக்குப் போதும். உப்புத்தாள் தேய்ப்பும் பாலிஷும் எப்படி வெட்டினாலும் கையால்தான்.

முடிவு செய்வது ஆயத்த நேரம். மாதிரிக்கு ஒரு கணக்கு போடுவோம். புது வடிவத்துக்கு வரைபடம், வெட்டும் பாதை, பலகையைப் பிடித்து வைக்கும் ஜிக் எல்லாம் சேர்த்து சிஎன்சியில் 3 மணி நேரம், பிறகு துண்டுக்கு 6 நிமிடம் நம் நேரம் போகிறது என்று வையுங்கள். டெம்ப்ளேட்டுக்கு 1 மணி நேரம், துண்டுக்கு 12 நிமிடம். ஆயத்தத்தில் கூடுதலாகப் போன 120 நிமிடத்தைத் துண்டுக்கு 6 நிமிடமாக மீட்க 20 துண்டு வெட்ட வேண்டும். அதற்குக் கீழே கை ரௌட்டர்தான் லாபம்.

அதே ஆர்டர் மறுபடி வந்தால்? கோப்பும் ஜிக்கும் தயாராக இருக்கின்றன. இந்த முறை ஆயத்தத்துக்கு சிஎன்சியில் 40 நிமிடம், டெம்ப்ளேட்டில் 10 நிமிடம் என்று கொண்டாலும் 5 துண்டிலேயே இரண்டும் சமமாகிவிடும். அதனால் ஒரு தடவைக்கு எத்தனை என்று பார்ப்பதற்கு முன்னால், எத்தனை தடவை திரும்பி வரும் என்று பாருங்கள். தட்டு 20 மி.மீ. அகலமாக வேண்டுமென்றால் டெம்ப்ளேட்டைப் புதிதாக வெட்ட வேண்டும். சிஎன்சியில் கோப்பில் அளவை மாற்றி, வெட்டும் பாதையை மறுபடி கணக்கிட்டால் ஆயிற்று.

ஆனால் இந்த லாபம் ஜிக்கை ஒழுங்காக வைத்திருந்தால்தான் கிடைக்கும். இயந்திரத்தின் அடிப்பலகையில் இரண்டு உருளை முளைகள் (dowel) அடித்து, ஜிக்கை எப்போதும் அவற்றிலேயே உட்கார வையுங்கள். தொடக்கப்புள்ளி எந்த மூலை, எந்த பிட், என்ன வேகம் என்பதை ஜிக்கின் மேலேயே எழுதிவிடுங்கள். அப்புறம் பிட்டின் உயரத்தை மட்டும் சரிபார்த்தால் போதும். ஜிக் இல்லாமல் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிளாம்ப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தால், மீந்த நேரம் அங்கேயே கரைந்துவிடும்.

சில கட்டுப்பாடுகளும் உண்டு. 6 மி.மீ. பிட் உள்மூலையில் 3 மி.மீ. ஆர வளைவை விட்டுவிடும்; நேர்மூலை வேண்டுமென்றால் உளிதான். 18 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் எப்போதும் சரியாக 18 இருப்பதில்லை. பலகை உட்காரும் காடி (பள்ளம்) வெட்டும் முன் கேலிப்பரால் அளந்துவிடுங்கள். வேகத்தையும் கவனியுங்கள்: நிமிடத்துக்கு 18,000 சுழற்சியில் சுற்றும் இரண்டு வெட்டுமுனை பிட் நிமிடத்துக்கு 3,600 மி.மீ. நகர்ந்தால் ஒவ்வொரு முனையும் 0.1 மி.மீ. சீவும். ரொம்ப மெதுவாக ஓட்டினால் பிட் சீவாமல் உரசி, மரத்தைக் கருக்கிவிடும். தூசியில் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. அதனால் இயந்திரத்தை ஓடவிட்டு வெளியே போகாதீர்கள். பக்கத்திலேயே நின்று முந்தைய துண்டைத் தேய்க்கலாம்.

நான் செய்வது பெரும்பாலும் தட்டையான வேலை. நாற்காலிக் கால் போன்ற முப்பரிமாணச் செதுக்கலில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே இந்தக் கணக்கு மாறலாம்.

ஒவ்வொரு ஆர்டரும் புது வடிவமாக வருகிறதா? சரி, கை ரௌட்டரோடே இருங்கள். சிக்கலான டெம்ப்ளேட்டை மட்டும் சிஎன்சி வைத்திருப்பவரிடம் வெட்டி வாங்கிக்கொள்ளலாம்.