'அவுட்டர் ரேஞ்ச்': மூன்று தடவை பார்த்த பிறகு

2022 ஏப்ரலில் 'அவுட்டர் ரேஞ்ச்' அமேசான் பிரைமில் வந்தபோது, ஜோஷ் ப்ரோலின் நடிக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகப் பார்க்க ஆரம்பித்தேன். முதல் சீசனில் 8 எபிசோடுகள். வாரத்துக்கு இரண்டு வீதம் மே முதல் வாரம் வரை வந்தன. 2024 மே மாதம் இரண்டாம் சீசனின் 7 எபிசோடுகளும் ஒரே நாளில் வந்தன. அந்த ஜூலையிலேயே தொடர் நிறுத்தப்பட்டது என்ற செய்தியும் வந்துவிட்டது. இடையில் ஒருமுறை பார்த்தது போக, அதன் பிறகும் முதலிலிருந்து ஒருமுறை பார்த்தேன். ஆக மூன்று தடவை. முடிவில்லாமல் நின்றுபோன தொடரை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கான பதில்தான் இது. கதையின் முக்கியமான இடங்களைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கதை நடப்பது அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில். படப்பிடிப்பு பெரும்பாலும் நியூ மெக்சிகோவில் நடந்தது. ராயல் அபட் (ப்ரோலின்) தலைமுறை கடந்து வந்த ஒரு மாட்டுப் பண்ணையை நடத்துகிறார். மனைவி செசிலியா, பெரி, ரெட் என்று இரண்டு மகன்கள், பேத்தி ஏமி. பெரியின் மனைவி ரெபெக்கா பல மாதங்களுக்கு முன்பு காணாமல் போனவள். பக்கத்துப் பண்ணைக்காரர்களான டில்லர்சன் குடும்பம், அபட்களின் மேற்கு மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதி தங்களுடையது என்று கிளம்புகிறது. அதே நிலத்தில், புல்லுக்கு நடுவே, அச்சு வைத்து வெட்டியதுபோல வட்டமாக ஒரு குழி இருப்பதை ராயல் கண்டுபிடிக்கிறார். உள்ளே அடி தெரியவில்லை. கரும்புகை மாதிரி ஏதோ சுழல்கிறது.

முதல் தடவை எனக்கு அந்தக் குழிதான் எல்லாம். அது என்ன, எங்கே கொண்டுபோய் விடுகிறது, தோளில் ஒரு பையோடு வந்து பண்ணையில் கூடாரம் போட அனுமதி கேட்கும் ஆட்டம் என்ற பெண் யார்? ஒவ்வொரு வாரமும் இரண்டு எபிசோடு முடிந்ததும் நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு அடுத்த வாரத்துக்குக் காத்திருந்தேன். காலத்தோடு விளையாடும் கதை என்பது சீக்கிரமே புரிந்துவிடும். முதல் எபிசோடின் தொடக்கத்திலேயே ராயலின் குரல், அரிவாள் ஏந்திய கிரேக்கக் கடவுள் குரோனஸைப் பற்றிப் பேசுகிறது.

அப்போது என் அப்பாவும் கூட உட்கார்ந்து பார்த்தார். குழியைப் பற்றி அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. டில்லர்சன் ஆட்கள் எல்லைப் பிரச்சினையைக் கிளப்பிய இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிலத்தை அளக்கணும்னு ஒருத்தன் வந்து நின்னாலே அன்னைக்குச் சோறு இறங்காதும்மா" என்றார். நான் அதைக் காதில் வாங்கியும் வாங்காமலும் அடுத்த மர்மத்துக்குப் போய்விட்டேன். இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் அவர் சொன்னது உறைத்தது. இந்தத் தொடரில் குழியும் நிலத் தகராறும் தனித்தனிக் கதைகள் அல்ல. இந்த மண் யாருடையது என்று கேட்டால், எந்த வருடத்தில் என்று திருப்பிக் கேட்கிறது குழி. அபட்களுக்கு முன்பு யார், டில்லர்சன்களுக்கு முன்பு யார் என்று தோண்டிக்கொண்டே போகிறது. ராயலே 1886-இல் தன் அப்பாவைத் தவறுதலாகச் சுட்டுவிட்டு, பயத்தில் ஓடி, குழிக்குள் குதித்து, 1968-இல் வெளியே வந்த சிறுவன்! 'என் நிலம்' என்று உயிரைக் கொடுத்துக் காக்கும் மனிதரே இந்தக் காலத்துக்குச் சொந்தக்காரர் இல்லை.

இதனால்தான் ஷெரிஃப் ஜாய் ஹாக் கதாபாத்திரத்தின் மேல் எனக்கு மதிப்புக் கூடிக்கொண்டே வந்தது. டமாரா பொடெம்ஸ்கி நடித்திருக்கிறார். பூர்வகுடிப் பெண், அந்த ஊரின் போலீஸ் அதிகாரி. முதல் சீசனில் அவரைப் புலனாய்வுக்காக வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் சீசனில் அவரை 1880-களுக்கு அனுப்பி, ஷோஷோனி என்ற பூர்வகுடி மக்களோடு வாழ வைக்கிறார்கள். வேலிகளும் பண்ணைகளும் அங்கே ஊன்றிக்கொள்வதற்கு முந்தைய நிலத்தைப் பார்க்கிறோம். தொடர் முழுக்கக் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் போனது அந்த எபிசோடு மட்டும்தான். இரண்டாம் சீசனில் ஒன்றை மட்டும் பார்க்கச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

மூன்றாம் தடவை மர்மம் எதுவும் மிச்சமில்லை. ஆனால் அப்போதுதான் ராயலும் செசிலியாவும் நடத்தும் குடும்பம் கண்ணில் பட்டது. செசிலியாவாக லிலி டெய்லர் செய்திருப்பது சின்னச் சின்ன வேலை. செசிலியா கடவுளை நம்புகிறவள். ராயல் அவளுக்காகத் தலையைக் குனிகிறவர், அவ்வளவுதான். சாப்பாட்டு மேஜையில் ஒரு காட்சி வருகிறது. எல்லோரும் கைகோத்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஜெபம் சொல்வது ராயல். வழக்கமான நன்றி வார்த்தைகளுக்குப் பதில், உலகத்தின் நடுவே ஓட்டை போட்டு வைத்திருக்கிறாயே என்று கடவுளிடமே சண்டைக்குப் போகிறார். அடக்கி வைத்ததெல்லாம் கொட்டுகிறது. முதல் தடவை ப்ரோலினின் முகத்தை மட்டும் பார்த்தேன். இந்தத் தடவை சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தேன். இத்தனை நாள் இந்த மனிதர் எதையோ மறைத்து வைத்திருந்தார் என்பது அந்த மேஜையில் ஒவ்வொருவருக்கும் உறைப்பது தெரிகிறது. நிறுத்தி, திரும்ப ஓட்டி, இரண்டாவது முறையும் பார்த்தேன்.

குறைகள் இருக்கின்றன. முதல் சீசனின் நடுவில் வேகம் ரொம்பவே குறைகிறது. டில்லர்சன் சகோதரர்களில் பில்லி எப்போது பார்த்தாலும் பாடிக்கொண்டே இருப்பான். எனக்குப் பிடித்தது, என் தம்பி எழுந்து போய்விட்டான். வில் பாட்டன் நடித்த டில்லர்சன் குடும்பத்துப் பெரியவர் வெய்ன், எல்லோருக்கும் ஒத்துவர மாட்டார். இரண்டாம் சீசனில் பொறுப்பு தொடரை உருவாக்கிய பிரையன் வாட்கின்ஸிடமிருந்து சார்ல்ஸ் மர்ரிக்குப் போனது. வேகம் கூடியது, விளக்கங்களும் கூடின. முன்பு சும்மா நின்று மலையைப் பார்க்க விட்ட தொடர், இப்போது ஆட்களை இந்த வருடத்துக்கும் அந்த வருடத்துக்கும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பெரி 1984-க்குப் போய் இளவயது அப்பாவையே சந்திக்கும் பகுதி மட்டும் நிதானமாக இருக்கிறது. அப்புறம் முடிச்சுகள் பல அவிழாமலே நின்றுவிட்டன. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மொபைலில் பார்க்காதீர்கள். இரவுக் காட்சிகள் நிறைய, வெளிச்சம் குறைவு. பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால்தான் அந்தக் குழியின் கறுப்புக்கும் ராத்திரியின் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியும். இன்னொன்று, முதல் சீசனை ஒரே மூச்சில் முடிக்காமல், வந்த மாதிரியே வாரத்துக்கு இரண்டாகப் பாருங்கள். நான் மூன்றாம் தடவையும் அப்படித்தான் பார்த்தேன். அப்பாவும் எட்டு எபிசோடுக்கும் கூட உட்கார்ந்தார். மேற்கு மேய்ச்சல் நிலம் திரையில் வரும்போதெல்லாம் அவர் குழியைப் பார்க்கவில்லை, வேலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.