ஆய்க்குடி அமர் சேவா சங்கம்: முதுகுத்தண்டுல அடிபட்டவன் எழுதுறேன்

புளியரை செக்போஸ்ட் தாண்டி ஆரியங்காவு பக்கம் ஒரு தோட்டத்துல மிளகு பறிக்கும்போது ஏணி சறுக்கி விழுந்தேன், எந்திரிக்க பாத்தா இடுப்புக்கு கீழ உணர்ச்சியே இல்ல. ஆபரேஷன் பண்ணுன ஆஸ்பத்திரில (பேரு வேண்டாம்) கம்பி வச்சு தச்சு அனுப்பிட்டாங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பி படுக்க வைக்கணும்னு அம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஒரு மாசத்துல முதுகுக்கு கீழ புண்ணு ஆழமா போயிருச்சு. அப்புறம்தான் சொந்தக்காரங்க சொல்லி ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துக்கு போனோம், மாற்றுத்திறனாளிகளுக்கு மறுவாழ்வு பயிற்சி குடுக்கற எடம், தென்காசிக்கு பக்கத்துலதான் இருக்கு.

இத ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் சாரே கழுத்துல அடிபட்டவரு. 1975ல கடற்படை செலக்சன்ல விழுந்து கழுத்துக்கு கீழ செயல் போயிருச்சு, 1981ல சொந்த ஊர்ல இத தொடங்குனாரு, தனக்கு வைத்தியம் பாத்த அமர்ஜித் சிங் சாகல்ங்கிற டாக்டர் பேரத்தான் சங்கத்துக்கு வச்சாரு. 2020ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. கூட நின்ன சங்கர ராமன் சாரும் தசைச்சிதைவு நோயோட வீல்சேர்ல இருக்கற ஆடிட்டர். இத கேட்டதும் எங்கம்மா அழுதுட்டா.

மொத தடவ கட்டில்லருந்து வீல்சேருக்கு மாற ஒரு வழுவழுப்பான பலகைய குடுத்தாங்க. ஒரு பக்கம் தொடைக்கு அடில சொருகி, கைய ஊனி கொஞ்சம் கொஞ்சமா நகரணும், எனக்கு அர மணி நேரத்துக்கு மேல ஆச்சு, சட்டை பூரா வேர்வை. அம்மா பிடிக்க ஓடி வந்தா, பிசியோ பண்ற பொண்ணு "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்கம்மா, அண்ணனே வருவாரு"ன்னு நிறுத்திருச்சு. அம்மாவுக்கு அன்னைக்கு கோவம். இப்ப நான் தனியா கட்டில்லருந்து எறங்கி குளிச்சுட்டு வரும்போது அவ அடுப்படில அவ வேலைய பாக்கா. கைய கழுவிட்டு நானே ட்யூப் போட்டு ஒண்ணுக்கு எடுக்கறது, கண்ணாடி வச்சு பின்னாடி தோலு செவந்திருக்கான்னு பாக்கறது, கால் மணிக்கு ஒருக்கா கைய ஊனி ஒடம்ப தூக்கறது எல்லாம் பழக்கம் ஆயிருச்சு. இத எழுதும்போதும் ரெண்டு தடவ தூக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும்தான் அடுத்த பிரச்சன, முன்னாடி ஒரு கேம்ப்ல வாங்குன வீல்சேர் 26 இஞ்சு அகலம், பாத்ரூம் கதவு 24தான். தயவு செஞ்சு சேர் வாங்கறதுக்கு முன்னாடி கதவையும் இடுப்பையும் அளந்துக்கோங்க. வாசப்படி ஒன்ற அடி ஒசரம், வீல்சேர் ஏற சாய்வுதளம் கட்டணும்னா ஒரு அடி ஒசரத்துக்கு 12 அடி நீளம்னு கணக்கு, அப்ப சாய்வு மட்டும் 18 அடி வேணும், எங்க முடுக்குல அதுக்கு எடமே கெடையாது. பக்கத்து வீட்டு சித்தப்பாவும் மதினியும் துவைக்கற கல்ல தூக்கி பின்னாடி போட்டுட்டு "எங்க சொவர ஒட்டி வளைச்சு கட்டுடே"ன்னு சொன்னாவ. டீக்கடை அண்ணாச்சி ஓடைக்கு மேல கல்லு போட்டாரு. இவங்க யாரும் என்ன தூக்கிட்டு போகல, நான் போறதுக்கு வழி விட்டாங்க, எனக்கு வேண்டியது அதுதான். கேக்காம பின்னாடி வந்து சேர தள்ளுறவங்க மட்டும் நல்ல மனசோடதான் செய்றீங்க, ஆனா ஒரு வார்த்தை கேட்டுட்டு தள்ளுங்க, திடீர்னு நகந்தா கை சக்கரத்துல மாட்டும்.

அந்தப் பக்கம் கேரளாவுல படுத்த படுக்கையா கெடக்கறவங்கள பாத்துக்கற பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்சு வீட்டுக்கே வருவாங்க. நம்ம பக்கமும் வீடு தேடி வர்ற ஆளுங்க இன்னும் நிறைய வேணும், ஊருக்குள்ள எத்தன பேரு கட்டில்லயே கெடக்காங்க.

போறவங்க ஸ்கேன், டிஸ்சார்ஜ் பேப்பர், யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எடுத்துட்டு போங்க, கார்டு இல்லன்னாலும் போறத தள்ளிப் போடாதீங்க. புண்ணு இருந்தா வெக்கப்பட்டு மறைக்காம மொத நாளே சொல்லிருங்க.