குளச்சல் சாலையோரச் சிப்பிக் கடை: ஓட்டோடு வாங்குங்கள், உரித்ததை விட்டுவிடுங்கள்

பாறையில் முங்கி எடுத்த சிப்பியை இங்கே இரண்டு விதமாக விற்கிறார்கள். ஓட்டோடு இருப்பது அருமை. கனமாக, கடல் வாசனையோடு, தட்டினால் வாயை இறுக மூடுகிறது. பக்கத்துத் தட்டிலுள்ள உரித்த சதையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பச்சைத் தண்ணீரில் ஊறவிடுவதால் உப்பும் ருசியும் போய், வெளுத்துக் கிடக்கிறது. எத்தனை மணிக்கு உரித்தது என்பதும் தெரியாது.

ஓட்டோடு ஒரு கிலோவுக்குச் சதை கால் கிலோவை ஒட்டித்தான் தேறும். கணக்குப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் கல்லுப்பு கரைத்து அரைமணி நேரம் போட்டு வையுங்கள். வெறும் தண்ணீர் ஆகாது, சிப்பி செத்துவிடும். தட்டியும் மூடாததை, உடைந்ததை எறியுங்கள். ஓட்டைத் தேய்த்துக் கழுவி, அகலப் பாத்திரத்தில் அரை டம்ளர் தண்ணீர் மட்டும் விட்டு மூடி, பெருந்தீயில் ஐந்து நிமிடம். வாய் பிளந்ததும் இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் வெந்தால் ரப்பர்தான். பிளக்காதது வேண்டாம்.

சதையில் ஒட்டியிருக்கும் கறுப்பு நாரைப் பிடுங்கி, வயிற்று அழுக்கையும் பிதுக்கி எடுங்கள். கடையில் இதைச் செய்து தருவதில்லை. பொறுமை வேண்டிய வேலை. வேகும்போது பாத்திரத்தில் வடிந்த சாற்றைத் தெளியவிட்டு, அடி மணலை விட்டு மேலாக ஊற்றி வையுங்கள்.

தேங்காயெண்ணெயில் சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), கறிவேப்பிலை, மஞ்சள், இடித்த நல்லமிளகு (கருமிளகு) வதக்கி, அந்தச் சாற்றைச் சுண்டவிட்டு, கடைசியில் சதையைப் போட்டு இரண்டு நிமிடம் பிரட்டினால் போதும். சாற்றிலேயே உப்பு உண்டு. ருசி பார்க்காமல் உப்புப் போடாதீர்கள். அவித்த மரச்சீனியோடு (மரவள்ளிக்கிழங்கோடு) சாப்பிட வேண்டிய கறி இது. சிப்பி ஒவ்வாதவர்கள் தொடவே வேண்டாம்.